யாசோகிச்சியின் இடது கை

அது ரோமம் இல்லை, மை. யாசோகிச்சியின் இடது கையில் பூனை ரோமம் முளைத்திருக்கிறது என்று கிணற்றடியில் கதை கட்டுகிறவர்கள் ஒரு தடவையாவது கிட்டே போய் அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும். பத்தடி தள்ளி நின்று, வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தால் அது ரோமமாகத்தான் தெரியும். அப்படித் தெரியும்படி வரைவதற்குத்தானே முப்பத்தொரு வருஷமாக அவனுக்குச் சோறு போட்டார்கள்!

அதோடு விட்டார்களா? சந்துப் பூனைகளைப் பிடித்து ஷாமிசென் வாத்தியத்துக்குத் தோல் கட்டுகிறவனிடம் விற்றானாம். தன்பாவிலிருந்து வந்த அம்மாளின் பட்டுத் துணியைத் திருடினானாம். எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினானாம். ஒரே ஆளின் முதுகில் இத்தனையை ஏற்றுவது நியாயம் இல்லை. பூனை விஷயத்தில் அவன்மேலும் கொஞ்சம் தப்பு உண்டு. அதை அந்த இடத்தில் சொல்லலாம். மற்றதெல்லாம் பொய்.

சந்தின் கோடியில் கெய்ஹோ ஆசானின் ஓவியப் பட்டறை இருக்கிறது. புலி, நரி, குரங்கு, பூனை, நாய்க்குட்டி என்று மிருகப் படங்கள் மட்டும்தான் அங்கே. எல்லாம் பட்டுத் துணியில். ஆசான் மிருகத்தின் உருவத்தைக் கோட்டில் போட்டு, உடம்புக்கு வெளிறிய மையை ஒரு பூச்சுப் பூசிக் கொடுப்பார். ரோமம் முழுக்க யாசோகிச்சி. கண்ணும் முத்திரையும் மறுபடி ஆசான். மற்ற ஆட்கள் பூ, புல், பாறை என்று ஆளுக்கொன்று பார்த்துக்கொள்வார்கள். யாராவது யாசோகிச்சியிடம் வந்து, "இந்த நரிக்கு வால் கொஞ்சம் நீளமோ?" என்று கேட்டால் அவனுக்கு ஒரே பதில்தான்: "முடி என் பாடு. மிருகம் உங்க பாடு."

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டு தரையோடு கிடக்கும். அதன் குறுக்கே பாலம் போல ஒரு பலகை. யாசோகிச்சி அந்தப் பலகையில் குப்புறப் படுத்துக்கொள்வான். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்துவான், ஒரு ரோமம் போடுவான், மூச்சை விடுவான். பேச்சும் அப்படித்தான். நாலு ரோமத்துக்கு ஒரு வார்த்தை. கேள்வி கேட்டவர் பதில் வருவதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். கிணற்றடி வீட்டு ஒமாசா ஒருநாள் ஜன்னல் வழியாக, "யாசோ, அந்தப் பக்கம் மழை கட்டியிருக்கா? துணியை எடுத்துடவா?" என்று கேட்டாள். எட்டு ரோமம் கழித்து, "எடுத்துடு அக்கா" என்றான். அதற்குள் மூன்று மெத்தை உறை தெப்பமாக நனைந்துவிட்டது. ஒமாசாவின் வாயிலிருந்து வந்த கதைகளில் பாதி அந்த மெத்தை உறையில் பிறந்தவை.

இடது கை விஷயம் இது. பட்டு மன்னிக்காது. தோல்பசையும் படிகாரமும் கரைத்துப் பூசிப் பதப்படுத்திய பட்டில் ஒரு கோடு விழுந்தால் விழுந்ததுதான்; சுரண்டவும் முடியாது, கழுவவும் முடியாது. அதனால் அவன் ஒவ்வொரு ரோமத்தையும் முதலில் தன் இடது புறங்கையில் போட்டுப் பார்ப்பான். தோளிலிருந்து ரோமம் எந்தப் பக்கம் சாய்கிறது, கழுத்தடியில் இரண்டு சாய்வும் எங்கே முட்டிச் சுழிக்கிறது, எல்லாம் அந்தக் கையில் இருக்கும். ஒரு மிருகத்துக்கு இருபது நாள், முப்பது நாள் ஆகும். அத்தனை நாளும் அந்தக் கையில் தண்ணீர் படாது. பொதுக் குளியல் தொட்டியில் கழுத்துவரை முங்கி உட்கார்ந்திருப்பான். இடது கை மட்டும் விளக்குப் பிடிக்கிற மாதிரி வெளியே நிற்கும். "யாசோ, ஒரு கை குளிக்கலியே, கட்டணத்துல குறைக்கச் சொல்லேன்!" என்று தொட்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். இவன் பதிலை யோசித்துச் சொல்வதற்குள் அவர்கள் துடைத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

மிருகம் முடிந்த அன்றைக்குத்தான் கிணற்றடிக்கு வருவான். அரிசி களைந்த தண்ணீரில் அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைப்பான். சந்துக்கே அது கணக்கு. யாசோ கை வெளுத்தால் ஒரு மிருகம் முடிந்தது. படத்தைத் தாளில் ஒட்டிச் சுருளாக்குகிற கடை ஆள் பட்டறைக்குள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான், கிணற்றடியில் நின்று, "கை வெளுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் அப்படியே திரும்பிவிடுவான்.

இனி பூனை. யாசோகிச்சி பூனை பிடிக்கிறவன்தான், மறுக்கவில்லை. மீன் கருவாட்டுச் சீவல் நாலைக் கையில் வைத்துச் சந்தில் உட்காருவான். வருகிற பூனையை மடியில் போட்டுக்கொண்டு, ரோமத்துக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல ஊதுவான். ரோமம் பிரிந்து அடியில் தோல் தெரியும். ஊதுவதை நிறுத்தினால் தானாகப் படியும். படிவதைப் பார்ப்பான். மறுபடி ஊதுவான். பூனை தூங்கிப்போகும். இதற்குப் பெயர்தான் திருட்டு!

குளிர் விட்ட சமயத்தில் ஒமாசாவின் மூவண்ணப் பூனை கோமேயைக் காணவில்லை. நிறை சூலி. ஒமாசா நேரே இவனிடம் வந்தாள்.

"என் பூனை எங்கடா?"

"இருக்கு."

"இருக்குன்னா எங்க?"

"இருக்குக்கா."

அவ்வளவுதான். மறுநாள் காலையில் தோல் கட்டுகிறவன் கதை கிணற்றடியில் ஓடியது. நடந்தது இது: கோமே பட்டறைச் சரக்கறையின் தரைப்பலகைக்கு அடியில் நாலு குட்டி போட்டிருந்தது. யாசோகிச்சிக்குத் தெரியும். ஒமாசாவிடம் சொன்னால் ஒமாசா குனிந்து பார்ப்பாள். அவள் பார்த்தால் சந்தே குனிந்து பார்க்கும். பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். அதனால் வாயை மூடிக்கொண்டான். ஒரு வார்த்தை, "குட்டி போட்டிருக்கு, பத்து நாள் பொறு" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தப்புதான்.

தினமும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அவன் அந்தச் சரக்கறைப் பலகை இடுக்கில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பான். பாலூட்டுகிற பூனை வேட்டைக்கு இறங்குவதை அங்கேதான் பார்த்தான். ஏழு தடவை எலி வந்தது. ஏழு தடவையும் கோமேயின் ரோமம் நனைந்த துணி போல உடம்போடு ஒட்டிப் படிந்தது. காது முன்னால். மீசை முன்னால். வாலின் நுனி மட்டும் ஒரு விரல்கடை அசையும். ஒருநாள் தெருநாய் ஒன்று இடுக்கில் மூக்கை நுழைத்தது. அன்றைக்கு முதுகு வில்லாக வளைந்தது, ரோமம் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது, வால் குஞ்சம் போல உப்பியது, மீசை கன்னத்தோடு பின்னால் போயிற்று. இரண்டையும் இடது கையில் போட்டுக்கொண்டான்.

அந்த வாரம்தான் தன்பாவிலிருந்து இவா அம்மாள் வந்தாள். பட்டுப்புழு வளர்க்கிற வீடு. போன வசந்தத்தில், புழு தோல் உரிக்கிற மூன்றாம் தூக்கத்தில் இருந்தபோது, எலி புகுந்து இரண்டே நாளில் தட்டுத் தட்டாகக் காலி செய்துவிட்டது. அந்த ஊரில் புழுப்பரணில் பூனைப் படம் மாட்டுவது வழக்கம். பாட்டன் காலத்துப் படம் பூச்சி அரித்துப் போனதால் புதிது வேண்டும். தப்பிப் பிழைத்த கூடுகளில் நூல் எடுத்து நெய்த பட்டையும் கொண்டுவந்திருந்தாள். அந்தப் பட்டிலேயே வரைய வேண்டும் என்றாள்.

ஆசான் தூங்கிக்கொண்டிருந்தார். இவா அம்மாள் பட்டறையின் மரத்தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்று உருண்டையைப் பிரித்தாள். உள்ளே பலகைமேல் கிடந்த யாசோகிச்சியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

"ஏன் ஐயா, படம் மாட்டினா நிஜமாவே எலி வராதா?"

ஒரு ரோமம், இரண்டு, மூன்று. அவள் எழுந்து போகவில்லை. புழுவுக்குப் பக்கத்தில் ஓசைப்படாமல் உட்கார்ந்து பழகினவள், காத்திருந்தாள்.

"வீட்டுல பூனை இல்லையாம்மா?" என்றான் அவன்.

"ரெண்டு இருக்கு. பரண்ல ஏத்திவிட்டா தட்டுமேலயே ஏறி மெத்தைன்னு படுத்துக்குதுங்க. எலி தின்னது போக மிச்சத்தை அதுங்க நசுக்கிடும். கேட்டதுக்கு பதில் சொல்லுங்க ஐயா. வராதா?"

மறுபடி நாலு ரோமம்.

"வராதும்மா."

முப்பத்தொரு வருஷத்தில் அவனிடம் மிருகத்தைப் பற்றிக் கேட்டு, பதிலுக்கும் உட்கார்ந்திருந்த முதல் ஆள் அவள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அவள் சந்து வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆசானுக்கு அந்தக் குளிர்காலத்திலிருந்து கண்ணில் புகை. உருவம் போடுவதும் கண் வைப்பதும் மருமகன் செய்ஜிரோ கைக்கு வந்துவிட்டது. முத்திரை மட்டும் ஆசானுடையது. செய்ஜிரோ கெட்டவன் இல்லை. பன்னிரண்டு பேர் அந்தப் பட்டறையை நம்பிச் சாப்பிடுகிறார்கள், ஒசாகா வியாபாரிகளுக்குச் சீறுகிற மிருகம்தான் பிடிக்கிறது. இவா அம்மாளின் பட்டில் பாதியை வெட்டிச் சட்டத்தில் கட்டினான். மீதிப் பாதியைச் சுருட்டி, "இவா, தன்பா" என்று சீட்டுக் கட்டி வைத்தான். கொடுத்தவருக்கே மிச்சம் திரும்ப வேண்டும் என்பது அந்தப் பட்டறை முறை. சட்டத்துப் பட்டின் நட்ட நடுவில் ஒரு பூனை. முதுகு வில், வாய் திறந்து, வால் உப்பி, கண் எந்தப் பக்கம் நின்றாலும் முறைக்கிற கண். பக்கத்தில் ஒரு பெரிய பியோனிப் பூ.

யாசோகிச்சி பலகையில் ஏறவில்லை. அரைநாள் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"இது பயந்த பூனை, சின்ன ஆசான்."

"கோபம் வந்த பூனை."

"நாயைப் பார்த்து கோமே இப்படித்தான் நின்னுச்சு. எலியைப் பார்த்து இப்படி நிக்கல. எலின்னா முடி படிஞ்சு கிடக்கும்."

"எலிக்கு என்ன தெரியும் அண்ணே? வாங்கறவங்க பார்த்ததும் ஐயோன்னு ரெண்டு அடி பின்னால போகணும். அதுக்குத்தான் படம்."

"எலி பார்த்தா சிரிக்கும்."

"சிரிச்சா எனக்கு ஆள் விடுங்க, நானும் வந்து சிரிக்கிறேன். முடி என் பாடு, மிருகம் உங்க பாடுன்னு யார் சொல்றது? நீங்கதானே? முடியை நட்டு வைங்க, போதும்."

தன் வார்த்தையே தன் காலைத் தடுக்கிவிட்டது. யாசோகிச்சி சட்டத்தைப் பார்த்தபடியே, "அந்த அம்மாகிட்ட எலி வராதுன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"உங்களை யாரு சொல்லச் சொன்னது?"

செய்ஜிரோ கெடு வைத்தான். செர்ரிப் பூ உதிர்வதற்குள் ரோமம் போட வேண்டும். இல்லாவிட்டால் பலகையை வேறு ஆளுக்கு விட வேண்டும். சந்தில் யாசோகிச்சி குடியிருந்த வீடும் பட்டறையுடையது. ஐம்பத்திரண்டு வயசில் பலகையும் போய், கூரையும் போவதென்றால் சின்ன விஷயம் இல்லை.

ஆசானிடம் போனான். கிழவர் வெயில் விழுகிற பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மருமகன் சொல்றபடி செஞ்சுட்டுப் போயேண்டா."

"முடியல ஆசான்."

ஆசான் அவன் இடது கையைப் பிடித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். புகைக் கண்ணால் விரல்முட்டி முதல் மணிக்கட்டு வரை நகர்ந்து நகர்ந்து பார்த்தார்.

"இது எதைப் பார்க்குது?"

"எலியை, ஆசான்."

கையை விட்டார். டீயைக் குடித்து முடித்தார். "மிச்சப் பட்டு அந்த அம்மாவோடது. நீயே பத்திரமாத் திருப்பிக் கொடுத்துடு" என்றார்.

அவர் எதை நினைத்துச் சொன்னார் என்பது அவரைக் கேட்டால்தான் தெரியும். யாசோகிச்சி தனக்குப் புரிந்தபடி எடுத்துக்கொண்டான். பட்டைத் தூக்கிக்கொண்டு போனான், உண்மைதான். திருப்பிக் கொடுக்கச் சொன்ன பொருளைத் திருப்பிக் கொடுக்க எடுத்துப் போவது எந்த ஊரில் திருட்டு?

வீட்டுக் கதவைக் கழற்றி, அதன் சட்டத்தில் பட்டைக் கட்டி, குறுக்கே ஒரு பலகை போட்டான். பசையும் படிகாரமும் காய்ச்சி இரண்டு தடவை பூசினான். அதற்குப் பிறகு மூன்று நாள் சும்மா உட்கார்ந்திருந்தான். நூற்றுக்கணக்கான மிருகங்களுக்கு ரோமம் போட்டவனுக்கு ஒரு மிருகத்தின் உருவமும் போடத் தெரியாது. யாரும் கோடு போட்டுக் கொடுக்காத வெறும் பட்டு அவனுக்கு அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள், கோடே போடாமல், தோளிலிருந்து ரோமத்தைத் தொடங்கினான். அவனுக்குத் தெரிந்தது ரோமம்தான். ரோமம் எங்கே திரும்பியதோ அங்கே எலும்பு வந்தது. எங்கே நெருங்கியதோ அங்கே மடிப்பு வந்தது. வெளிறிய மையில் ஒரு சுற்று, அது காய்ந்ததும் அழுத்தமான மையில் ஒரு சுற்று. கன்னத்துக்கும் வயிற்றுக்கும் சிப்பி வெள்ளையைப் பட்டின் பின்பக்கமாகப் பூசினான். அப்போதுதான் வெள்ளை மேலே உட்காராமல் உள்ளேயிருந்து வரும்.

கண்ணில்தான் சங்கடம். முப்பத்தொரு வருஷமும் கண்ணுக்கு இரண்டு அரிசி இடம் விட்டு நிறுத்திப் பழகின கை. அதைத் தாண்டிப் போகவே போகாது. அது முன்பே தெரிந்ததால்தான் அவன் பூனையைத் திருப்பி உட்கார வைத்திருந்தான். படத்தில் நமக்கு முதுகு. பட்டின் கீழ்ப்பக்கம், இடது மூலையில், பம்மிய ஒரு சின்னப் பூனை. படிந்த ரோமம். முன்னால் குவிந்த காது. இரண்டு கன்னத்துக்கும் வெளியே மீசை நுனி மட்டும் முன்னோக்கி நீண்டிருந்தது. மீசைக்கு அரக்கு வேலைக்காரர் ஒருவரிடம் தூரிகை இரவல் வாங்கினான். எலி முதுகு ரோமத்தில் கட்டிய தூரிகை. அதைச் சொல்லும்போது மட்டும் யாசோகிச்சி சிரிப்பான்.

பூனையின் முகம் பார்க்கிற மேல் மூலைப் பக்கம் மொத்தமும் வெறும் பட்டு. பூ இல்லை, தரை இல்லை, ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் கோமே நாலு குட்டிகளோடு ஒமாசா வீட்டுக்குத் திரும்பியது. ஒமாசாவுக்கு வெட்கம், வெட்கம் வந்தால் அவளுக்குக் குரல் உயரும். யாசோகிச்சி வீட்டுக்குள் வந்து கத்தினாள்.

"இருக்குன்னா குட்டி போட்டிருக்குன்னு சொல்றதுக்கு என்னடா கேடு? ஊரெல்லாம் உன்னைப் பேசி..." என்று தொடங்கினவள் சட்டத்தைப் பார்த்துவிட்டாள். பூனையைப் பார்த்தாள். பூனை பார்க்கிற வெறும் பட்டைப் பார்த்தாள். கிமோனோவின் கீழ் ஓரத்தை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடா எலி?"

யாசோகிச்சி பலகையில் கிடந்தபடி ஒரு ரோமத்தை முடித்தான்.

"அங்கதான் இருக்குக்கா."

இத்தனையும் பார்த்தவள் மறுநாள் கிணற்றடியில் என்ன சொன்னாள் தெரியுமா? "யாசோ யாருதோ பட்டுல வரையறான்!" அவள் வாய் அப்படி.

செர்ரிப் பூ உதிர்ந்து சாக்கடையில் வெள்ளையாக மிதந்த காலையில் யாசோகிச்சி கதவை மறுபடி நிலையில் பொருத்தி மூடினான். ஒரு துணி மூட்டை. அதில் மாற்று உடுப்பு ஒன்று, சொந்தத் தூரிகை மூன்று. இன்னொரு கையில் எண்ணெய்த்தாள் சுற்றிய நீளமான சுருள். "இவா, தன்பா" என்று எழுதின அதே சீட்டு அதில் தொங்கியது. ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது.

செய்ஜிரோ பட்டறை வாசலுக்கு வந்தான். அவன் சட்டத்தில் பாதிப் பூனை அப்படியே கிடந்தது. புதிதாக வைத்த ஆள் போட்ட ரோமம் துடைப்பக் குச்சி மாதிரி நின்றது. அந்த எரிச்சல் வேறு.

"எல்லாரும் பாருங்க! முப்பத்தொரு வருஷம் சோறு போட்ட வீடு. பாதி வேலையில போட்டுட்டு ஓடறாரு பெரிய மனுஷன்!"

கிணற்றடியில் ஒமாசா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நாலைந்து பெண்கள் வாளியோடு நின்றார்கள். சுருள் கடை ஆளும் வழக்கம்போல் வந்து நின்றிருந்தான். யாசோகிச்சி சந்து வாசலுக்குப் போகிற வழியில் கிணற்றுப் பக்கம் திரும்பினான். மூட்டையைக் கிணற்றுச் சுவரில் வைத்தான். சுருளை அதன்மேல் வைத்தான்.

"ஒமாசா அக்கா, அந்தத் தண்ணியைக் கொட்டாதே. குடு."

அவள் சட்டியை நகர்த்திக் கொடுத்தாள். யாசோகிச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது கையை மணிக்கட்டுவரை அதில் முக்கி, வலது கட்டைவிரலால் தேய்த்தான். தண்ணீர் முதலில் சாம்பலாயிற்று, பிறகு கறுத்தது. செய்ஜிரோவின் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றுபோயிற்று. யாசோகிச்சி அவசரப்படவில்லை. விரல்முட்டி, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்தான். சுத்தத் தண்ணீர் ஒரு வாளி இழுத்து ஊற்றினான். வேட்டியோரம் போலத் தொங்கிய மேலங்கி நுனியில் ஈரத்தைத் துடைத்தான். பிறகு, குழந்தையின் கை போல வெளுத்துக் கிடந்த அந்தக் கையாலேயே சுருளை எடுத்துக்கொண்டு சந்து வாசலைத் தாண்டிப் போனான்.